காபிக் கொட்டைக்கு முகவரி கேட்கிறார்கள்! கணக்குப் புத்தகம் யார் கையில்?

காபிக் கொட்டைக்கு முகவரி உண்டா? இனிமேல் வேண்டுமாம்!

ஐரோப்பிய நாடுகள் ஒன்று கூடி ஒரு சட்டம் போட்டிருக்கின்றன. 2023-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி அந்தச் சட்டம் ஏட்டில் ஏறியது. காட்டை அழித்துப் பயிர் செய்த பொருள் ஐரோப்பாவுக்குள் வரக்கூடாது என்பதுதான் அதன் சாரம். காபி, கொக்கோ, ரப்பர், சோயா, பாமாயில், மரம், மாடு ஆகிய ஏழும் அதில் அடங்கும். 2020-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதிக்குப் பிறகு காடு வெட்டப்பட்ட நிலத்தில் விளைந்த சரக்கு என்றால், துறைமுகத்திலேயே கதவு சாத்தப்படும்.

"நாங்கள் காட்டை வெட்டவில்லை" என்று வாயால் சொன்னால் போதாது. எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று உலகப் படத்தின் மேல் புள்ளி வைத்துக் காட்டவேண்டும். 4 எக்டேர் வரை உள்ள சிறு தோட்டத்துக்கு ஒரு புள்ளி போதும். அதற்கு மேற்பட்ட தோட்டம் என்றால் எல்லைக்கோடு முழுவதையும் காட்டவேண்டும்.

இந்தச் சட்டம் அமலுக்கு வரும் தேதி இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. முதலில் 2024 டிசம்பர் என்றார்கள். பிறகு 2025 டிசம்பர் என்றார்கள். கடைசியாகக் குறித்த தேதி 2026-ம் ஆண்டு டிசம்பர் 30. சிறு கம்பெனிகளுக்கு இன்னும் ஆறு மாதம் தவணை உண்டு. மறுபடியும் தள்ளிப்போகும் என்று சிலர் ஆறுதல் அடையலாம். ஆனால் சட்டம் தள்ளிப்போனாலும், வாங்குகிறவர் கேட்கத் தொடங்கிய கேள்வி தள்ளிப்போகாது.

இந்தியாவில் விளையும் காபியில் பெரும் பகுதி கடல் கடந்து போகிறது. இத்தாலியும் ஜெர்மனியும் பெரிய வாடிக்கைக்காரர்கள். அங்கே ஒருவர் கோப்பையை வாயில் வைக்கும் முன்பு கேட்கும் கேள்விக்கு, இங்கே மலை மேல் இருப்பவர் பதில் எழுதவேண்டிய காலம் வந்துவிட்டது.

பதினான்கு நாடுகள்

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. கடையேழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. காரவள்ளியில் இருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

மலை மேல் பதினான்கு நாடுகள் உண்டு. நாடு என்றதும் கோட்டை கொத்தளம் என்று நினைத்துவிடக்கூடாது. பல சிற்றூர்கள் சேர்ந்தது ஒரு நாடு. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்று பெயர் சொல்லிக்கொண்டே போவார்கள். அந்தப் பதினான்கில் ஒன்று குண்டனி நாடு.

இங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்து கேரளத்துக்காரர் என்று எண்ணிவிடவேண்டாம். மலையை ஆள்கிறவர் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். தமிழ் பேசுகிறவர்கள். சில்வர் ஓக் மரத்தடியில் காபி, அந்த மரத்தின் மேல் மிளகுக்கொடி, ஓரத்தில் பலாவும் வாழையும், மேட்டில் சாமையும் கேழ்வரகும், சரிவில் குச்சிக்கிழங்கு. இதுதான் மலை வெள்ளாமை. நிலமோ சிறிது. ஒரு குடும்பத்துக்கு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று இருக்கும்.

காபி மூட்டை அந்த 70 வளைவுகளில் இறங்கி வருகிறது. மேலே இருக்கும்போது அது இன்னார் தோட்டத்துக் காபி. கீழே கிடங்கில் வேறு மூட்டைகளோடு கலந்தபின் அது வெறும் காபி! எந்த நாடு, எந்த மேடு, யார் பறித்தது என்று அந்தக் கொட்டையைக் கேட்டால் சொல்லுமா?

மூட்டையின் பெயர் எங்கே தொலைகிறதோ, அங்கேயே விலையும் கொஞ்சம் தொலைகிறது.

வாங்கு கம்ப்யூட்டர்!

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்று உண்டு. "கம்ப்யூட்டர் வாங்கு. செல்போனில் ஒரு செயலி போடு. எல்லாம் சரியாகிவிடும்!"

சரியாகிவிடுமா?

கம்ப்யூட்டர் ஒரு வண்டி மாதிரி. எங்கே போகவேண்டும் என்று தெரிந்தபிறகுதான் எந்த வண்டி என்று கேட்கவேண்டும். கல் ஏற்ற லாரி வேண்டும். கல்யாணத்துக்குப் போக பஸ் வேண்டும். லாரியை வாங்கிவிட்டு, அது நிற்கிறதே என்பதற்காகக் கல்யாணக் கூட்டத்தை அதில் ஏற்றுகிறவர் உண்டா? கம்பெனிகளில் உண்டு!

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மைக்கேல் போர்ட்டர் என்று ஒரு பேராசிரியர். 1980-ம் ஆண்டில் அவர் எழுதிய புத்தகம் வியாபார உலகில் பெயர் பெற்றது. போட்டியில் ஜெயிக்க வழிகள் சிலதான் என்றார் அவர். எல்லோரையும்விடக் குறைந்த செலவில் செய்து ஜெயிக்கலாம். பிறரிடம் கிடைக்காத ஒன்றைக் கொடுத்து ஜெயிக்கலாம். அல்லது ஊருக்கெல்லாம் விற்காமல், ஒரு சிலரை மட்டும் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு வேண்டியதைச் செய்து ஜெயிக்கலாம்.

ஒரு கடைக்காரர் இதைப் புத்தகம் படிக்காமலே அறிவார். பேட்டைக் கடைக்காரர் விலை குறைத்து விற்கிறார். கோவில் வாசல் நெய்க்கடைக்காரர் விலை குறைப்பதில்லை. அவருடைய நெய்க்கு ஒரு மணம்! இருவர் கடையிலும் கணக்குப் புத்தகம் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. முதல் கடைப் புத்தகத்தில் "எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம்" என்று இருக்கும். இரண்டாவது கடைப் புத்தகத்தில் "எந்த ஊர் வெண்ணெய், என்றைக்குக் காய்ச்சியது" என்று இருக்கும்.

ஜான் ஹெண்டர்சன், வெங்கட்ராமன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1993-ம் ஆண்டில் இதையே கம்ப்யூட்டருக்குப் பொருத்தி எழுதினார்கள். கம்பெனியின் போட்டி வழி ஒரு பக்கமும், கம்ப்யூட்டர் அமைப்பு இன்னொரு பக்கமும் இழுத்தால் பணம்தான் வீண் என்பது அவர்கள் கருத்து.

அமைப்பு என்பது பெட்டியும் கம்பியும் மட்டும் என்று நினைக்கக்கூடாது. செய்தியை யார் எழுதுகிறார்? அது எங்கே போய்ச் சேருகிறது? யார் அதைப் பார்க்கலாம்? யார் திருத்தலாம்? இந்த நாலு கேள்விக்கும் சொல்லும் பதில்தான் அமைப்பு.

மிட்டாய் இருந்தும் கிடைக்கவில்லை!

பொருத்தம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் புகழ்பெற்ற சாக்லேட் கம்பெனியான ஹெர்ஷியைக் கேட்டால் தெரியும்.

1999-ம் ஆண்டில் அந்தக் கம்பெனி பத்துக்கோடி டாலருக்கு மேல் செலவு செய்து மூன்று புது கம்ப்யூட்டர் ஏற்பாடுகளை ஒரே நேரத்தில் பூட்டியது. நாலு ஆண்டு வேலையை இரண்டரை ஆண்டில் முடிக்க அவசரப்பட்டார்கள். ஏப்ரலில் முடியவேண்டிய வேலை ஜூலைக்குப் போயிற்று. அமெரிக்காவில் அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் என்று ஒரு பண்டிகை. வீட்டுக்கு வீடு குழந்தைகள் மிட்டாய் கேட்டு வருவார்கள். நமக்குத் தீபாவளிப் பலகாரம் எப்படியோ, அவர்களுக்கு அந்த மிட்டாய் அப்படி.

கடைகள் சரக்கு கேட்டன. கிடங்கில் சரக்கும் இருந்தது. ஆனால் அனுப்ப முடியவில்லை! பத்துக்கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர் அப்படியே நின்றுபோயிற்று. சரக்கு பெருகும் பண்டிகைக் காலத்தில், கிடங்குக் கணக்கில் இல்லாத வேறு மூலைகளிலும் மிட்டாயை அடுக்கி வைப்பது அங்கே பழக்கம். அந்த மூலைகள் வேலைக்காரர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. யாரும் அதற்குச் சொல்லவில்லை. அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று.

அந்தக் கம்பெனிக்குப் பணம் குறைவா? இல்லை. படித்தவர் குறைவா? இல்லை. வேலை நடக்கும் இடத்தில் இருப்பவர் அறிந்ததை எழுதிக்கொள்ள அமைப்பில் இடம் இல்லை. அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறு பம்பாயில் உண்டு. அங்கே சாப்பாட்டுக் கூடை சுமக்கும் டப்பாவாலாக்கள் 1890-ம் ஆண்டு முதல் தொழில் செய்கிறார்கள். கொரோனா வருவதற்கு முன்பு ஏறத்தாழ 5,000 பேர் நாள்தோறும் 2 லட்சம் சாப்பாட்டு டப்பாக்களை வீட்டில் இருந்து அலுவலகத்துக்குக் கொண்டுபோய், காலி டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். டப்பா மூடியில் நிறத்தாலும் எண்ணாலும் எழுத்தாலும் ஒரு குறி. எந்த ரயில் நிலையம், எந்தத் தெரு, எந்த மாடி என்பது அதில் அடக்கம். அதுவும் தகவல் அமைப்புதான்! மூடியிலேயே இருக்கிறது. மின்சாரம் போனாலும் அழியாது. குறைந்த கூலி, தவறாத நேரம் என்பது அவர்கள் போட்டி வழி. அதற்கு அந்தக் குறி போதுமானதாக இருந்தது.

அரவிந்தும் ஐ.டி.சி.யும்

தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் மதுரையில் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் தொடங்கினார். ஏராளமான பேருக்கு ஆபரேஷன் செய்தால் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் செலவு குறையும். குறைந்தால் ஏழைகளுக்கு இலவசமாகவே செய்யலாம். இதுதான் அதன் வழி.

இந்த வழிக்குத் தடை எது? கண் டாக்டரின் நேரம்! ஆகவே கிராமங்களில் சிறு கண் பரிசோதனை நிலையங்கள் வைத்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைப் பரிசோதித்துப் படம் எடுக்கிறார். தொலைவில் மருத்துவமனையில் இருக்கும் டாக்டர், நோயாளியுடன் கம்ப்யூட்டர் திரையில் பேசி முடிவு சொல்கிறார். கண்ணாடி போதும் என்றால் அங்கேயே வேலை முடிந்தது. பஸ் செலவு இல்லை. ஒரு நாள் கூலி போகவில்லை. டாக்டரின் நேரமும் மிச்சம். எந்த இடத்தில் அடைப்பு இருக்கிறதோ அந்த இடத்தில் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

விவசாயத்தில் பெரிதாகப் பேசப்பட்டது ஐ.டி.சி. கம்பெனியின் "இ-சௌபால்". சௌபால் என்றால் இந்தியில் ஊர்ப் பொதுத்திண்ணை. 2000-ம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் சோயா விவசாயிகளுக்காக அது தொடங்கியது. கிராமத்தில் நம்பிக்கையான ஒரு விவசாயி வீட்டில் கம்ப்யூட்டர் வைத்தார்கள். டெலிபோன் கம்பி ஒழுங்காக இல்லாத ஊர்களில் வானத்து சாட்டிலைட் மூலம் இணைப்பு கொடுத்தார்கள்.

அதற்கு முன்பு விவசாயிக்கு என்ன கஷ்டம்? மண்டிக்கு வண்டி கட்டிக்கொண்டு போனபிறகுதான் விலை தெரியும். விலை பிடிக்கவில்லை என்றால் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா? கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வருவார். இ-சௌபால் வந்தபின் அன்றைய விலை ஊரிலேயே தெரிந்தது. மண்டிக்குப் போவதா, கம்பெனிக் கிடங்குக்குப் போவதா என்று வீட்டிலேயே முடிவு செய்தார். கம்பெனிக் கிடங்கில் எலெக்ட்ரானிக் தராசு. கையோடு பணம்.

கம்பெனி இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை. நல்ல சரக்கைத் தரகுச் செலவு குறைவாக நேரே வாங்குவது அதன் போட்டி வழி. 2002-ம் ஆண்டில் அது ஆசீர்வாத் கோதுமை மாவை விற்கத் தொடங்கியது. எந்த வட்டாரத்துக் கோதுமை எப்படிப்பட்டது என்று தெரிந்து தனித்தனியாக வாங்க, ஊர்தோறும் இருந்த அந்தத் திண்ணைகள் உதவின. பிற்பாடு எல்லோர் கையிலும் செல்போன் வந்தது. 2022-ம் ஆண்டில் உழவர் கம்பெனிகள் மூலம் இயங்கும் செல்போன் செயலியை அது கொண்டுவந்தது. வழி மாறியது, அமைப்பும் மாறியது.

எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். விவசாயிக்கு நியாயமான எடையும் உடனடிப் பணமும் கிடைத்தன. கணக்குப் புத்தகம் மட்டும் கம்பெனியிடம் இருந்தது.

ஒரே தோட்டம், இரண்டு கணக்கு

இனி மலைக்குத் திரும்பலாம்.

குண்டனி நாட்டிலோ வேறு நாட்டிலோ ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். சரிவில் குச்சிக்கிழங்கு. மரத்தடியில் காபி. இரண்டுக்கும் ஒரே கம்ப்யூட்டர் ஏற்பாடு போதுமா?

போதாது!

குச்சிக்கிழங்கு சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. ஆலையில் கிழங்கை அரைத்துவிடுவார்கள். அது எந்த மலையில் விளைந்தது என்று பாயசம் குடிக்கிறவர் கேட்கமாட்டார். ஆலைக்காரர் பார்ப்பது மாவுச்சத்து. அதைப் "பாயிண்ட்" என்கிறார்கள். பாயிண்ட் ஏறினால் விலை ஏறும். இறங்கினால் விலை இறங்கும்.

அந்தப் பாயிண்டைப் பார்க்கும் கருவி யாரிடம் இருக்கிறது? வாங்குகிறவரிடம்! விற்கிறவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். கொல்லிமலைக் கிழங்குக்காரர் மட்டும் அல்ல. சமவெளியில் உள்ளவரும் இப்படித்தான் நிற்கிறார். விலை தகராறு வரும்போதெல்லாம் இந்தப் பாயிண்ட் பேச்சும் கூடவே வருகிறது.

ஆகவே கிழங்குக்கு வேண்டிய ஏற்பாடு வேறு. லாரி ஏற்றும் இடத்தில் விவசாயிகளுக்குப் பொதுவாக ஒரு தராசு. ஒரு பாயிண்ட் கருவி. எந்த ஆலையில் இன்றைக்கு என்ன விலை என்று போனில் வரும் செய்தி. இவ்வளவு போதும். ஒவ்வொரு கிழங்குக்கும் தோட்டத்துப் படம் எடுத்துப் பதிவு செய்வது பணத்துக்குக் கேடு. ஆலைகள் சேர்ந்து 1981-ம் ஆண்டில் சேலத்தில் தொடங்கிய சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் ஜவ்வரிசியை ஒரே இடத்தில் டெண்டர் வைத்து விற்கிறது. ஆலைக்காரருக்கு அப்படி ஓர் இடம் இருக்கிறது. கிழங்குக்காரருக்கு மலையடிவாரத்தில் ஒரு கருவிகூட இல்லாவிட்டால் எப்படி?

காபி விஷயம் தலைகீழ். விலை குறைத்து ஜெயிக்க கொல்லிமலையால் முடியாது. காபி விளைச்சலில் உலகத்தில் முதலிடம் பிரேசில். இரண்டாம் இடம் வியட்நாம். பிரேசிலில் சமதளமான பெரிய தோட்டங்களில் யந்திரமே பழம் பறிக்கிறது. கொல்லிமலையில் பெண்கள் கூடையைக் கட்டிக்கொண்டு, சரிவில் கால் ஊன்றி, பழுத்ததாகப் பார்த்துப் பறிக்கவேண்டும். பிறகு 70 வளைவு வண்டிக்கூலி! இந்தச் செலவோடு பிரேசில் விலையில் போட்டி போடுவது கையால் மலையைத் தள்ளுகிற வேலை.

அப்படியானால் எதைச் சொல்லி விற்பது? நிழல் மரத்தடியில் விளைந்தது, கையால் பறித்தது, மிளகுக்கொடியும் பலாவும் சூழ்ந்த சிறு தோட்டத்தில் வந்தது என்று சொல்லி விற்கலாம். அதற்கு நல்ல விலை கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும்கூட இருக்கிறார்கள். ஆனால் வெறும் சொல்லை நம்பமாட்டார்கள். கொல்லிமலை மிளகு, கொல்லிமலைத் தேன் என்று அச்சடித்து எந்த ஊர்ச் சரக்கின் மேலும் ஒட்டிவிடலாமே! மலையில் விளைந்ததுதான் என்று காட்ட, மலையிலேயே எழுதிய கணக்கு வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஐரோப்பியச் சட்டம் வந்து சேர்கிறது. அவர்கள் கேட்கும் புள்ளியும், நல்ல விலை கொடுப்பவர் கேட்கும் பெயரும் ஒரே கணக்கில் அடங்கும். சிறு தோட்டத்துக்கு ஒரு புள்ளி போதும் என்பதால் கொல்லிமலைக்காரருக்கு வேலை சுலபம்கூட.

யார் எழுதுவது?

கணக்கை எங்கே எழுதத் தொடங்குவது? கீழே கிடங்கில் எழுதினால் பயன் இல்லை. அங்கே வரும்போதே மூட்டை கலந்துவிட்டது. பழம் காயும் களத்தில் எழுதவேண்டும். தோட்டத்து எண், பறித்த நாள், எடை. மூட்டையின் மேலும் அதே எண். ஆரம்பத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் மையும் போதும்.

பிறகு செல்போனில் ஏற்றலாம். மலையில் எல்லா மேட்டிலும் சிக்னல் கிடைத்துவிடாது. ஆகவே சிக்னல் இல்லாதபோது எழுதி வைத்துக்கொண்டு, கிடைக்கும்போது தானே அனுப்பும் செயலியாக இருக்கவேண்டும். எழுத்து தமிழில் இருக்கவேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் படமும் எண்ணும் பார்த்துப் புரியவேண்டும். பட்டணத்தில் பங்கா அடியில் உட்கார்ந்து செயலி செய்கிறவர்கள் இதைத்தான் முதலில் மறக்கிறார்கள்.

மலைப் பெண்களுக்குக் கணக்கு புதிது அல்ல. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து கொல்லிமலையில் சிறுதானிய வேலை செய்து வந்திருக்கிறது. குச்சிக்கிழங்கு பரவப் பரவ, சாமையும் தினையும் மேட்டை விட்டு மறைந்துகொண்டிருந்த காலம் அது. சாமையைச் சாப்பிட ஆசை இருந்தாலும், உரலில் குத்தி உமி எடுக்கும் பாடு யார் படுவது? ஊருக்கு அருகிலேயே உமி நீக்கும் யந்திரமும் மாவு யந்திரமும் வந்தன. சுய உதவிக்குழுப் பெண்கள் அவற்றை நடத்தினார்கள். கிராம விதை வங்கிகள் ஏற்பட்டன. எவர் எவ்வளவு விதை வாங்கினார், எவ்வளவு திருப்பிக் கொடுத்தார் என்று எழுதி வைத்தார்கள். சாமை அரிசியும் மாவும் கொல்லிமலைப் பெயரோடு பொட்டலமாகக் கீழே வந்தன. 2023-ம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது நாடெல்லாம் சாமை பேசியது. மலைப் பெண்கள் அதற்குப் பல ஆண்டு முன்பே பொட்டலம் கட்டத் தொடங்கிவிட்டார்கள்!

அதே நிறுவனம் 1998-ம் ஆண்டில் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் நிலையங்கள் வைத்தது. விவசாயக் கிராமத்துக்கு வேண்டிய செய்தி வேறு. மீனவர் குப்பத்துக்கு வேண்டிய செய்தி வேறு என்று ஊரைக் கேட்டுத்தான் வைத்தார்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் எழும் என்பதைக் கம்ப்யூட்டரில் பார்த்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மீனவர் கம்ப்யூட்டரைத் தொடவேண்டிய அவசியமே இல்லை. காதில் விழுந்தால் போதும்.

நூறு பேர் கம்பெனி

இதை எல்லாம் செய்ய ஒரு கம்பெனி வேண்டாமா? வேண்டும். சட்டமும் இடம் கொடுக்கிறது.

விவசாயிகளே பங்குதாரர்களாக இருந்து கம்பெனி நடத்தலாம். மத்திய அரசாங்கம் 2020-ம் ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுவதும் 10,000 உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகள் அமைக்கத் திட்டம் போட்டது. சமவெளியில் 300 பேர் வேண்டும். மலைப்பகுதியில் 100 பேர் சேர்ந்தால் போதும். மூன்று ஆண்டுகளில் நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் ரூபாய் வரை உதவி என்று திட்டம் வகுத்தார்கள்.

18 லட்சம் என்றால் பெரிய தொகை மாதிரித் தெரியும். மூன்று ஆண்டுக்குப் பங்கிட்டுப் பார்த்தால் ஒரு மானேஜர், ஒரு கணக்கர், ஒரு சிறு வாடகை இடம் ஆகியவற்றோடு சரி. இதில் பெரிய கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்குக் காசு எங்கே?

காசு இல்லாத இடத்தில் இலவசம் நுழையும். சரக்கு வாங்கும் கம்பெனி ஒன்று வந்து, "செயலியை நாங்களே தருகிறோம். ஒரு பைசா வேண்டாம். பதிவையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லலாம். கேட்க இனிப்பாக இருக்கும். எல்லாத் தோட்டத்துப் புள்ளிகளும் அவர்கள் பெட்டிக்குள் போய்விடும். அடுத்த ஆண்டு வேறொருவர் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுக்க வந்தால்? அவருக்குக் காட்ட விவசாயியிடம் கணக்கு இல்லை! பழைய ஆளிடமே போகவேண்டும். அந்தக் காலத்தில் முன்பணம் கொடுத்துச் சரக்கைக் கட்டிவைத்தார்கள். இந்தக் காலத்தில் புள்ளியை வைத்துக் கட்டிவைக்கலாம்.

இலவசத்தை வாங்கவே கூடாது என்பது இல்லை. கையெழுத்துப் போடும் முன்பு இரண்டு கேள்வி கேட்கவேண்டும். எங்கள் கணக்கின் முழுப் பிரதி எங்கள் சங்கத்தில் இருக்குமா? நாங்கள் விலகினால் அதை எடுத்துக்கொண்டு போகலாமா? இரண்டுக்கும் "ஆம்" என்று எழுத்தில் வந்தால் வாங்கிக்கொள்ளலாம். "அது எல்லாம் பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தால், நோட்டுப் புத்தகமே மேல்.

அரசாங்கத்தின் காபி வாரியம் இருக்கிறது. தோட்டங்களைப் பதிவு செய்யும் வேலையில் சிறு விவசாயிகளுக்குத் துணை நிற்க வேறு யாரைவிடவும் அதற்குப் பொறுப்பு அதிகம். பெரிய எஸ்டேட்டுகளில் படித்த ஆட்களும் கம்ப்யூட்டரும் உண்டு. அவை தாமாகவே கரையேறிவிடும். இரண்டு ஏக்கர்க்காரர் கணக்கு எழுதத் தவறினால், குற்றம் எதுவும் செய்யாமலே சந்தையை இழப்பார். காட்டை வெட்டாதவர்தான், ஆனால் வெட்டவில்லை என்று காட்டத் தெரியாதவர்!

மிளகுக்கு அந்த ஐரோப்பியச் சட்டத்தில் இடம் இல்லை. ஆனால் மிளகுக்கொடி ஏறியிருப்பது அதே காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தில். காபிக்குப் போட்ட தோட்டத்து எண் மிளகு மூட்டைக்கும் ஆகும். செலவு ஒன்று, பெயர் இரண்டு சரக்குக்கு. நவம்பரில் காபிப் பழம் பறிப்பு தொடங்குகிறது. அது முடிகிற கையோடு ஏணியைத் தூக்கிக்கொண்டு மிளகு பறிக்கப் போய்விடுவார்கள். நோட்டுப் புத்தகம் வாங்குவதானால் அதற்கு முன்பே வாங்கவேண்டும்.